காத்துச் சட்டி அக்கா

காத்துச் சட்டியின் கூடையை வெளியே இழுத்ததும் அக்கா உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. முதலில் புறங்கையை அதன் மேல் ஒரு சாண் உயரத்தில் நீட்டுவார். கண்ணை லேசாக மூடிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் "இன்னும் கொஞ்சம் போகணும்" என்றோ "எறக்கிடலாம்" என்றோ தீர்ப்பு வரும். உள்ளே இருப்பது உருளைக்கிழங்கா, மீனா, காலிஃப்ளவரா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். பகல் முழுக்க ஈரத் தலைகளுக்குச் சூடான காற்று பிடிக்கிற கை அது. வாடிக்கையாளரின் கழுத்தில் படுவதற்கு முன்னால் அந்தக் காற்றைத் தானே வாங்கிப் பார்த்துப் பழகிவிட்டது. சமையலறைக்கு வந்ததும் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான். அங்க தலைய உலத்தறேன், இங்க கிழங்க உலத்தறேன். கிழங்கு குறுக்க பேசாது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

எங்கள் தெருவில் அவருக்கு சலூன் அக்கா என்று பெயர். கீழ்த்தளத்தின் முன்னறைதான் சலூன். இரண்டு சுழல் நாற்காலிகள், சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, மூலையில் தலை கழுவும் தொட்டி. ஒரு பச்சைத் திரையை விலக்கினால் சமையலறை. மாடியில் வாடகைக்கு இருப்பவள் நான். பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்று தெரிந்த நாள் முதல் என்னை 'ரைட்டர்' என்றுதான் கூப்பிடுவார். முடி வெட்டிக்கொள்ள நான் கீழே போவது எப்போதாவது. வாசனை பிடித்துக்கொண்டு போவது அடிக்கடி.

ஆள் குள்ளம், தோள் அகலம். ஊரார் தலைகளையெல்லாம் படிப்படியாகவும் சுருள்சுருளாகவும் அழகு பண்ணி அனுப்புகிறவர், தன் முடியை மட்டும் கொத்தாகச் சுருட்டி அதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொள்வார். ஏப்ரன் விளிம்பில் வரிசையாக கிளிப்புகள் தொங்கும். திறந்த ரொட்டிப் பொட்டலத்தை மூடுவதும் அந்த கிளிப்புதான், திரை பறக்காமல் பிடிப்பதும் அந்த கிளிப்புதான். தலைச்சாயம் ஊறுவதற்கும் கிழங்கு வேகுவதற்கும் ஒரே மணியை வைத்துவிடுவார். மணி அடித்தால் நாற்காலியில் தலையில் உறையோடு உட்கார்ந்திருக்கும் பெண்மணி திடுக்கிட்டு எழுந்திருப்பார். "நீங்க உக்காருங்க, அது கிழங்கு" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அந்த இயந்திரத்துக்கு ஏர் ஃப்ரையர் என்று ஒரு பெயர் இருப்பதே இந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. இங்கே அது காத்துச் சட்டி. பெயர் வைத்தவர் அக்காவின் வீட்டுக்காரர், அதுவும் கேலிக்காக. அவரைப் பற்றிச் சொல்லாமல் காத்துச் சட்டி எப்படி இந்த வீட்டுக்குள் வந்தது என்று சொல்ல முடியாது.

அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஓட்டலில் எண்ணெய்ச் சட்டி அவருடைய ராஜ்யம். கோழியோ மீனோ கிழங்கோ, பொரிந்து தட்டுக்கு வருகிற எதுவும் அவர் கரண்டியைத் தாண்டித்தான் வரவேண்டும். போன மழைக்காலத்தில் ஒருநாள் அந்தச் சட்டிக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய் அடைப்பை எடுத்து அனுப்பினார்கள். அதோடு ஓட்டல் வேலையும் நின்றது. வேளை தவறாமல் மாத்திரை, தினமும் நடை, எண்ணெயில் பொரித்ததை மறந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். முதல் இரண்டுக்கும் மாஸ்டர் ஒழுங்காகத் தலையாட்டினார். மூன்றாவதைக் கேட்டதும், டாக்டர் தன் குடும்பத்தைப் பற்றி ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் வேகவைத்த காய், வேகவைத்த மீன், வேகவைத்த எல்லாம் வந்தது. இது நோயாளிக்குப் போடுகிற சாப்பாடு என்று தட்டைத் தள்ளினார் மாஸ்டர். நீங்கள் நோயாளிதானே என்று அக்கா கேட்டதற்கு, "அது ஆஸ்பத்திரியில. இது வீடு" என்று பதில் வந்தது. இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்து காலணியை மாட்டிக்கொண்டு நடைக்குக் கிளம்பிவிடுவார். டாக்டர் சொன்ன நடைதானே என்று அக்கா முதலில் மகிழ்ந்துதான் போனார்.

மாதம் ஒருமுறை மாஸ்டருக்கு முடி வெட்டுவது அக்காதான். வேறு யாரையும் அவர் தலையில் கை வைக்க விட்டதில்லை. அப்படி வெட்டிக்கொண்டிருந்த ஒருநாள், சீப்போடு வந்த முடியை அக்கா சும்மா முகர்ந்து பார்த்திருக்கிறார். சட்டையை மாற்றலாம், வாயைக் கொப்பளிக்கலாம், ஆனால் முடியில் ஏறிய எண்ணெய்ப் புகை அவ்வளவு லேசில் இறங்காது. நடை எந்தப் பக்கம் போகிறது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஓட்டலின் பின்வாசல். பழைய தோழர்கள் தட்டில் வைத்து நீட்டாமல் இருப்பார்களா?

அதைப் பற்றி அவர் மாஸ்டரிடம் மூச்சு விடவில்லை. ஏன் சண்டை போடவில்லை என்று நான் கேட்டேன்.

"போட்டா என்ன ஆகும்? அடுத்த தடவ தொப்பி போட்டுக்கிட்டுப் போவாரு" என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. "அந்த ஆளு இல்லாத வீட்ட என்னால நெனச்சுக்கூடப் பாக்க முடியல ரைட்டர். ஓட்டல்லேர்ந்து போன் வந்தப்ப என் கையில கத்தரி. ஒரு அம்மாவுக்குப் பாதித் தலைதான் வெட்டியிருந்தேன். அப்படியே விட்டுட்டு ஓடினேன். இப்பவும் போன் அடிச்சா முதல்ல கத்தரியக் கீழ வச்சிட்டுத்தான் எடுக்கறேன்."

அப்போதுதான் சாயம் போட வந்த யாரோ ஒருவர் ஏர் ஃப்ரையரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஓய்வு நாளில் அக்கா என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். படித்தவள் ஒருத்தி கூட நின்றால் கடைக்காரர்கள் அடக்கமாகப் பேசுவார்கள் என்பது அவர் கணக்கு. நான் அங்கே செய்தது பையைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான்.

கழுத்துப் பட்டை கட்டிய விற்பனையாளர் இருப்பதிலேயே பெரியதைக் காட்டி, இத்தனை லிட்டர் கொள்ளும் என்றார். "லிட்டர் எதுக்குங்க? நான் என்ன பாலா வாங்கறேன்? கூடைய வெளிய எடுங்க" என்றார் அக்கா. எடுத்த கூடையின் அடியில் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தார். ஆழமாகவும் குறுகலாகவும் இருந்ததெல்லாம் தள்ளுபடி. ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்தால் மேலே இருப்பது கருகும், கீழே இருப்பது அவியும் என்று விற்பனையாளருக்கே விளக்கினார். தொடுதிரை வைத்த ஒன்று வந்தது. பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து விரலை நனைத்துக்கொண்டு திரையை அழுத்தினார். அது அசையவில்லை. நாள் முழுக்க ஈரமாக இருக்கிற கையை மதிக்காத இயந்திரம் எதற்கு என்று அதையும் ஒதுக்கினார். மீனுக்கு ஒரு பொத்தான், கேக்குக்கு ஒரு பொத்தான் என்று விற்பனையாளர் ஒவ்வொன்றாக ஒப்பித்துக்கொண்டே போனார்.

"கேக்கு எப்படிப் பண்றதுன்னு அதுக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம், எனக்குத் தெரியாதே" என்றார் அக்கா. "சூட்டுக்கு ஒரு திருகு, நேரத்துக்கு ஒரு திருகு. அது போதும்."

கடைசியில், அகலமான கூடையும் இரண்டே குமிழும் உள்ள ஒரு சாதாரண இயந்திரத்தை ஓட விடச் சொல்லி, அதன் பின்பக்கத்துக்குப் போய் வெளியே வரும் காற்றைக் கையில் வாங்கிப் பார்த்தார். விசிறிச் சத்தத்துக்குக் காது கொடுத்தார். கூடையின் மூலைகளில் விரல் விட்டு, கழுவும்போது துணி போய்ச் சேருமா என்று தடவினார். இதற்குள் விற்பனையாளர் எதையும் விற்பதை நிறுத்திவிட்டிருந்தார். அக்காவின் தொழில் என்னவென்று விசாரித்து, தன் நெற்றி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறதே, என்ன செய்யலாம் என்று கேட்டார். அக்கா அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, "விட்டுக் குடுத்துடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார். மூச்சு விடுகிற இடத்தை அடைத்தால் எந்தக் காற்று இயந்திரமும் கெட்டுப்போகும் என்பது முடி உலர்த்தும் கருவிகள் பலவற்றைப் பறிகொடுத்துக் கற்ற பாடம். மாஸ்டர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "காத்துல என்னம்மா வறுக்கறது? காத்துல துணிதான் காயும்" என்றார். காத்துச் சட்டி என்ற பெயர் அந்த நிமிஷம் பிறந்ததுதான்.

முதல் சமையலே மாஸ்டருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. கிழங்குக்குத் துளி எண்ணெய் வேண்டும், அது எல்லா இடத்திலும் சமமாகப் படவேண்டும். அக்காவுக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது சலூனில் தலையில் தண்ணீர் பீய்ச்சுகிற புட்டி. அதில் ஒன்றை வெந்நீர் விட்டு அலசி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் ஊற்றிக் கிழங்கு முழுக்கப் பீய்ச்சினார். தண்ணீரோடு கலந்து வருஷக்கணக்காக அதில் குடியிருந்த ரோஜா வாசனைத் தைலம் பிளாஸ்டிக்கை விட்டுப் போகவில்லை என்பது கூடையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. சமையலறை முழுக்கப் பூந்தோட்டம். மாஸ்டர் ஒரு துண்டை எடுத்து மூக்கருகே வைத்து, "இது திங்கறதுக்கா, தலைக்குத் தேச்சுக் குளிக்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டு நடைக்குப் போனார். ஷாம்பு கிழங்கு என்ற செய்தி அன்று மாலையே ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்கா சுருண்டுவிடவில்லை. சலூன் சாமான் சலூனிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்து, எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தார். நறுக்கிய கிழங்கைத் தண்ணீரில் ஊறவைத்தார். எடுத்துத் துண்டில் பரப்பி ஒற்றினார். சொட்டச் சொட்ட இருக்கிற தலைக்கு எவ்வளவு காற்று பிடித்தாலும் வீண், முதலில் துண்டு வேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். எண்ணெயைக் கையாலேயே பிசறி, ஒற்றை அடுக்காகப் பரப்பினார், நடுவில் எடுத்துக் குலுக்கினார். சில வாரங்களிலேயே மத்தியான வேளைகளில் மாடிப்படி வழியாக ஏறி வந்த வாசனையில் என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. கீழே ஓடுவேன். கடித்தால் சத்தம் கேட்கிற கிழங்கு. மேலே முறுகி உள்ளே நெகிழ்ந்த மீன். காலிஃப்ளவரின் கருகிய நுனிக்காக நானும் சாயம் போட வந்தவரும் போட்டி போட்டிருக்கிறோம்.

மத்தியானம் மாஸ்டர் தூங்குகிற நேரம். சாயங்காலம் அவர் செய்தித்தாளோடு சமையலறை மேஜையில் வந்து உட்காருவார். அந்த நேரத்தில் இதே அக்காவின் கைக்கு என்ன ஆகுமோ தெரியாது. தண்ணீர் வடிகிற கிழங்கை அப்படியே கூடையில் கொட்டுவார். விளிம்பு வரை குவிப்பார். உள்ளே தள்ளிவிட்டு நடுவில் அந்தப் பக்கமே போகமாட்டார். வெளியே வருவது பாதி வெந்து, பாதி தொளதொளத்துப் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், துடைக்க மறந்துவிட்டீர்களே அக்கா என்று சொல்லிவிட்டேன். கத்தரி காதருகே இருக்கும்போது தலையை ஆட்டுகிற வாடிக்கையாளரைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை என் மேல் விழுந்தது.

மறுநாள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, துணியைக் கழுத்தில் கட்டி, ஓட முடியாதபடி செய்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"சில பேரு வந்து உக்காருவாங்க. எப்படி வெட்டணும்னு கேட்டா 'உங்க இஷ்டம்'பாங்க. வெட்டி முடிச்சா அழுவாங்க. அந்த மாதிரி ஆளுகிட்ட நான் கேக்கறதே இல்ல. கத்தரிய வேணும்னே ஏடாகூடமான இடத்துக்குக் கொண்டு போவேன். உடனே 'அங்க வேணாம், இங்க இவ்வளவு போதும்'னு வாய் தானா தொறக்கும். அப்புறம் அவங்க சொன்னபடி வெட்டினா, அது அவங்க வெட்டின மாதிரி. கொற சொல்லவே மாட்டாங்க." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "உன் மாமாவும் அப்படித்தான். நாம சொல்லிக் குடுத்தா கேக்கற ஆளு இல்ல. கண்ணு முன்னால தப்பாப் பண்ணா பொறுத்துக்கற ஆளும் இல்ல."

கட்டிய துணியோடு திரும்பிக் கேட்டேன். ஒவ்வொரு நாளும் வேண்டுமென்றே கெடுத்தால், ஒவ்வொரு நாளும் அவர் ஓட்டலுக்கு அல்லவா போவார்? அது தனக்கும் தெரியும் என்றார் அக்கா. நல்லதாகச் செய்து வைத்தும் பார்த்தாராம். ஒரு வாரம் முழுக்க மொறுமொறுவென்று செய்து வைத்தும், மாஸ்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காத்துச் சட்டி அவருக்கு எதிரி. எதிரி சமைத்ததை அவர் எப்படித் தின்பார்? எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு வழி தெரியவில்லை என்றார். இதைப் பத்திரிகையில் எழுதட்டுமா என்று பேச்சை மாற்றினேன். தாராளமாக எழுது, பேரை மட்டும் போடாதே என்றார். மாஸ்டர் விளையாட்டுப் பக்கத்தைத் தவிர வேறெதையும் புரட்டுவதில்லையாம்.

அதன் பிறகு சாயங்காலங்களில் நானும் மாஸ்டரின் முகத்தைப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் அவர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார். சில நாள் கழித்துத் தாள் மேஜைக்கு இறங்கியது. பிறகு தொண்டையைச் செருமினார். ஒருநாள், குவியலாகக் கிழங்கு கூடையில் விழுந்த சத்தத்துக்கு "ம்ஹூம்" என்றார். அன்று அக்கா திரும்பி நின்று எனக்கு மட்டும் தெரியும்படி ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். ஆனாலும் மாஸ்டர் காலணியை மாட்டிக்கொண்டு போய்த்தான் விட்டார். அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை.

போன வாரம் நல்ல மழை. மழையென்றாலும் நடை உண்டு என்று மாஸ்டர் ஒரு காலில் காலணியை மாட்டி, மற்றதைத் தேடிக்கொண்டிருந்தார். நான் மேஜையருகே இருந்தேன். அக்கா வழக்கம்போல ஈரக் கிழங்கைக் கூடையில் குவித்தார். அதோடு விடவில்லை. உப்பு ஜாடியை எடுத்து அந்த ஈரத்தின் மேலேயே கை நிறைய அள்ளித் தூவினார்.

"இந்தா, நிறுத்து" என்றார் மாஸ்டர்.

ஒற்றைக் காலணியோடு வந்து கூடையைப் பிடுங்கினார். "கிழங்கு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? உப்ப மொதல்ல போட்டா தண்ணி விட்டுக்கும். ஈரத்தோட போட்டா அவியும். இவ்வளவையும் ஒண்ணா அமுக்கினா மூச்சு விட எடம் வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே அத்தனையையும் தண்ணீரில் கொட்டி அலசினார். துணியை விரித்தார். ஒவ்வொரு துண்டாக ஒற்றி எடுத்தார். பாதியை எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு அளவாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறினார். பிறகு இயந்திரத்தின் முன்னால் தயங்கி நின்றார். இதில் சூடு எது, நேரம் எது என்று கேட்டார்.

"எனக்கும் சரியாத் தெரியலங்க" என்றார் அக்கா. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவரே இரண்டையும் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்தார். எண்ணெயாக இருந்தால் கொதிப்பின் சத்தத்திலேயே பக்குவம் தெரியும். இதில் விசிறி இரைகிறதே தவிர கிழங்கு வாயே திறக்கவில்லை. அந்த மௌனம் அவருக்குப் பிடிக்கவில்லை. பொறுக்காமல் இழுத்து இழுத்துப் பார்த்தார். பாதியில் கூடையின் கைப்பிடியைப் பிடித்து மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டினார் பாருங்கள், உள்ளே இருந்த கிழங்கு மொத்தமும் எழும்பிப் புரண்டு ஒன்றுகூடச் சிந்தாமல் மறுபக்கமாக விழுந்தது. அக்காவின் கண் விரிந்தது. அது நடிப்பில்லை. அப்படிச் சுண்ட அவருக்கு வராது, வந்ததும் கிடையாது.

வெளியே எடுத்துத் தட்டில் கொட்டிய பிறகுதான் உப்பு விழுந்தது. மாஸ்டர் ஒரு துண்டைக் காதருகே வைத்து உடைத்தார். வாயில் போட்டு மெதுவாக மென்றார். இன்னொன்றை எடுத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். வெளியே மழை விட்டிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அக்கா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கனவே துடைத்த இடத்தையே.

தட்டு பாதி காலியானதும் மாஸ்டருக்குப் பேச்சு வந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு ஈடாகாது, ஆனால் கையில் பதம் இருந்தால் இதுவும் தப்பில்லை என்றார். நாளைக்கு மீனைப் போட்டுப் பார்க்கவேண்டும், நல்ல மீனாகத் தானே போய் வாங்கி வருவதாகச் சொன்னார். இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று அக்காவைக் கேட்டார். சொல்லித் தர யார் இருந்தார்கள் என்றார் அக்கா, குனிந்த தலை நிமிராமல். மாஸ்டருக்குத் திருப்தியாகிவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயே நியாயத்தச் சொல்லும்மா. இவ பண்ணி ஒரு நாளாவது இப்படி மொறுமொறுன்னு தின்னிருக்கியா?"

மத்தியானம் தவறாமல் தின்றுகொண்டிருக்கிறவள் நான். உண்மையைச் சொல்லியே தீரவேண்டும் என்ற நோய் எனக்கு எப்போதும் இப்படி வேண்டாத நேரத்தில்தான் வரும். வாயைத் திறந்தேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தட்டிலிருந்த கிழங்கில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து என் வாயில் அடைத்தார்.